வெள்ளச்சி தூங்கும் நேரம்

வெள்ளச்சிக்குக் கஞ்சி வைக்கும்போது உப்பு போடக் கூடாது. அவளை இப்போது யார் வீட்டில் விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். குருணையைக் குழைய வேகவைத்து, ஆறிய பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் கலக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை, மாலை ஆறு மணிக்கு ஒன்று. வெறுமனே கொடுத்தால் துப்பிவிடுவாள். வாழைப்பழத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்து, விழுங்கும் வரை தொண்டையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் மூன்றரைக்குப் படுப்பாள். ஐந்து மணி வரை தொந்தரவு செய்யக் கூடாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், சார். என் பெயர் பால்துரை. வயது அறுபது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் ஆப்செட் மிஷின் ஓட்டினேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், எல்லாம் என் கையால் போனவைதான். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றவனுக்கு அமைதி என்றால் என்ன என்று தெரியும். அதற்காகத்தான் வேலையை விட்டதும் ஆமத்தூரைத் தாண்டி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இந்த வீட்டை வாங்கினேன். நான், மனைவி இசபெல், வெள்ளச்சி. வெள்ளச்சி ராஜபாளையம் நாய். பால் போல வெளுப்பு, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். குட்டியாக வந்தவளுக்கு இப்போது ஒன்பது வயது.

இந்த வருடம் தை மாதம் எங்கள் பின்சுவருக்கு அடுத்த ஓட்டு வீட்டை இராமகிருஷ்ணன் வாடகைக்கு எடுத்தார். தீப்பெட்டி அட்டை ஒட்டும் வேலை என்றுதான் முதலில் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வாணவெடி செய்கிறார்கள். நான்கு பெண்கள் வேலைக்கு வருவார்கள். தினமும் நாலு மணிக்குப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து, சுவருக்கு அந்தப்பக்கம் உள்ள பொட்டலில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் எட்டு.

மாசியில் வெள்ளச்சிக்கு முதல் வலிப்பு வந்தது. நான்கு காலும் விறைத்து, வாயில் நுரை தள்ளி, தரையில் கிடந்து துடித்தாள். அப்போதே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது.

நான் எடுத்தவுடன் எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முறைப்படி போய்க் கேட்டேன். இராமகிருஷ்ணன் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, சீசன் முடியட்டும். தீபாவளிக்கு ஆர்டர் அம்புட்டு கெடக்கு. சாம்பிள் போட்டுப் பாக்காம லோடு ஏத்த முடியுமா?" என்றார். அரசு அலுவலகம் ஒன்றில் மனு கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். "சிவகாசிப் பக்கத்துல இருந்துக்கிட்டு வெடிச் சத்தம்னு மனு குடுக்கீகளே!" என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். இரண்டாவது மனுவுக்கு யாரோ ஒருவர் வந்தார். டீ குடித்தார். போனார். மறுநாள் ஒன்பது வெடி வெடித்தார்கள்.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று எத்தனை வெடி என்று எழுதிவைத்தேன். அதை எடுத்துக்கொண்டு விருதுநகரில் நாய் டாக்டர் ஓவியாவிடம் போனேன். சின்ன வயசுப் பெண். நோட்டை முழுவதும் படித்தாள்.

"சார், பதினாலு தடவை வந்திருக்கு. அதுல நாலு மணிக்கு வந்தது மூணுதான். மத்ததெல்லாம் விடியக்காலம், ராத்திரி. ஞாயித்துக்கெழமை கூட வந்திருக்கே, அன்னைக்கு அங்கன வேலை கிடையாதுல்ல?" என்றாள்.

முந்தின நாள் பயம் மனதில் தங்கியிருக்கும் என்றேன்.

அவள் எழுந்து வெள்ளச்சியின் பின்னால் போய் நின்று, பலமாகக் கை தட்டினாள். பிறகு ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். வெள்ளச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குக் காது கேக்காது சார். பொறவியிலேயே கேக்காது. இந்த வெள்ளை நாய்கள்ல இது நெறைய உண்டு. உங்களுக்குத் தெரியாதா? வெடிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மாத்திரைய மட்டும் நேரந்தவறாம குடுங்க."

படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகியிருக்காது. அந்நியர் கை தட்டினால் வெள்ளச்சி திரும்ப மாட்டாள், அது அவள் குணம். அதை அந்தப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இசபெலிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது. நர்சாக வேலை பார்த்தவள், உடனே டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டாள். "நமக்கு முன்னாடியே தெரியும்லா. கூப்பிட்டா என்னைக்கு வந்திருக்கா? நீங்க நாயப் பாக்கீகளா, கடிகாரத்தப் பாக்கீகளா? மூணு மணியில இருந்தே பின்சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக," என்றாள். ஜூன் மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை. அதனால் எனக்கு வேலை ஒன்றும் கூடிவிடவில்லை. சொல்லப்போனால் வீடு இன்னும் அமைதியானது, அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர.

செல்லத்தாயைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நான்கு பெண்களில் அவள்தான் மூத்தவள், நாற்பது இருக்கும். நல்ல பெண். வெள்ளச்சிக்கு என்று வாரம் இரண்டு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து சுவருக்கு மேலாக நீட்டுவாள். "இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்திருக்கேன் அண்ணாச்சி. ஒங்க சாமி வேற, அதனால என்ன, நாய்க்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதான்," என்பாள். நான் வெடியைப் பற்றிச் சொன்னபோது, "நான் மொதலாளிகிட்ட சொல்லிப் பாக்கேன்," என்றாள். சொல்லவும் செய்தாள். ஆவணியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வெடிதான்.

ஆனால் பாருங்கள், எட்டைவிட இரண்டு மோசம். எட்டு என்றால் வரிசையாக வந்து முடிந்துவிடும். இரண்டு என்றால், முதல் வெடி வெடித்த பிறகு அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெள்ளச்சி அதையெல்லாம் எப்படித் தாங்கினாள் என்று தெரியவில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பாள், பாவம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குப் பெரிய வலிப்பு வந்தது. ஏழு நிமிடம். மதியம்தான் எழுந்து தண்ணீர் குடித்தாள். மூன்றரைக்குப் படுத்தாள். அன்று ஒரு நாளாவது அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். பெட்டியில் ஒரு பித்தளைப் பூட்டு கிடந்தது. அச்சகத்தின் பேப்பர் கிடங்குப் பூட்டு. வேலையை விட்டபோது கேட்டு வாங்கிக்கொண்டது. அடியில் அச்சகத்தின் எழுத்து வெட்டியிருக்கும், நீங்கள்தான் பார்த்தீர்களே. சுவர் ஏறி அந்தப்பக்கம் இறங்கி, அவர்கள் பின்கதவின் நாதாங்கியைச் சத்தமில்லாமல் போட்டு, அந்தப் பூட்டை மாட்டினேன். ஐந்து மணிக்குத் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

முன்பக்கமாக வெளியே போய்க்கொள்வார்கள் என்று நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. சோதனைக்கு யாராவது வந்தால் வீடு ஆளில்லாததுபோல் இருக்க வேண்டும் என்று இராமகிருஷ்ணன் முன்கதவைத் தினமும் வெளியே பூட்டிக்கொண்டுதான் போவார். ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். நான்கு பேருக்கும் இருந்தது அந்தப் பின்கதவு ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். வெடிமருந்து இருக்கும் அறையின் கதவைப் பூட்டக் கூடாது என்பதும் தெரியும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நாலு மணிக்குக் கதவை ஆட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். "யாரோ வெளயாடுறாக," என்றது கேட்டது. பிறகு சும்மா இருந்தார்கள். நாலு, நாலு ஐந்து, நாலு பத்து. ஒரு வெடியும் இல்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நாலேகாலுக்குக் குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சத்தம். ஓட்டு இடுக்கில் வெள்ளையாகப் புகை வந்தது. அதன் பிறகு தட்டினார்கள். கையால் தட்டினார்கள், பிறகு எதையோ வைத்து இடித்தார்கள். செல்லத்தாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி! யாரோ வெளிய பூட்டியிருக்காக. வந்து தெறந்து விடுங்க அண்ணாச்சி!"

நான்தான் பூட்டினேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சுவரோரம் வரைக்கும்கூடப் போனேன். சுவர் சூடாக இருக்கவில்லை. நேரம் இருந்தது, சார். இரண்டு நிமிடம், ஒருவேளை மூன்று. திறந்திருந்தால் நான்கு பேரும் வெளியே வந்திருப்பார்கள். செல்லத்தாயும், ரோஜா என்ற அந்த இளம்பெண்ணும் இன்று இருந்திருப்பார்கள். மற்ற இருவரும் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருந்திருக்காது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சுவரோரம் வரை போனவன் ஏன் திரும்பினாய் என்றுதானே மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். அவர்கள் அவ்வளவு பலமாக இடித்தார்கள். வெள்ளச்சி அப்போதுதான் நன்றாக அயர்ந்திருந்தாள். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துவிடக் கூடாதே என்றுதான் உள்ளே வந்து எங்கள் கதவைச் சாத்தினேன்.