கூப்பிட்டபோது வாய் திறக்காதவர்

"ஹலோ... ஆமா, கோட்டைவீட்டுச் சாவி இங்கதான். ஆனா இன்னிக்குப் பார்க்கிற நேரம் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க... என்னது? உள்ள இருக்கீங்களா?... யாரு பேசறது?"

பதிலைக் கேட்டதும் எஸ்தர் மில்பர்ன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். குன்றுச் சரிவில் அவள் மேய்ச்சல் நிலத்துக்குள் பாழடைந்து நிற்கும் அந்தப் பழைய கோட்டைவீட்டிலிருந்து கைபேசியில் பேசியது பக்கத்துப் பண்ணை ஹெட்லி டெய்ட். தன் ஆடுகளை விரட்டிக் கடித்ததென்று அவனுடைய நாயை அவள் சுட்டு மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து தேவாலயத்தில்கூட அவன் அவளோடு பேசியதில்லை.

"ஓ. மிஸ்டர் டெய்ட்... ஆமா, நான்தான் பூட்டினேன். யாராவது உள்ள இருக்கீங்களான்னு தொண்டை கிழியக் கத்திட்டுத்தானே பூட்டினேன்... கேட்டுச்சா? கேட்டும் பேசாம நின்னீங்களா?... ஓகோ. என் குரலுக்குப் பதில் சொன்னா கௌரவம் குறைஞ்சுடுமோ. ரொம்ப சரி. அந்தக் கௌரவத்தோட அங்கயே இருங்க..."

"ஏன் கோவப்படறீங்க? உங்க முப்பாட்டனுங்க ராத்திரியில மாடு திருடி ஓட்டிட்டுப் போக வராம இருக்கத்தான் அவ்வளவு தடிமனாச் சுவர் எழுப்பினாங்க. இப்ப ஒரு டெய்ட் உள்ளயே மாட்டியிருக்கார்... சிரிக்கல. நான் சிரிக்கவே இல்ல."

"என்ன இப்படி மூச்சு வாங்குது? சுவர் ஏறினீங்களா? மேற்குப் பக்கம் கை வச்சீங்கன்னா கல்லு பேந்து தலையில விழும், அந்தப் பழியும் எனக்கு... ஏறலையா. அப்புறம் எதுக்கு முனகறீங்க?... கை ஒழியலையா? என் இடத்துல எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க?... இல்ல, வரமாட்டேன். சாப்பிட்டு, ஜெபம் பண்ணிட்டு, அப்புறம் பார்க்கலாம்... நாய் பேச்சை எடுக்காதீங்க. எடுக்காதீங்கன்னு சொல்றேன்ல."

"...இருங்க. அது என்ன சத்தம்? உங்க சத்தத்தைச் சொல்லல. பின்னால."

ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். தொண்டை அடைத்த, தாழ்ந்த கத்தல். சினை ஆட்டின் குரல்.

"என் ஆடா?... அதைப் பார்த்துத்தான் உள்ள வந்தீங்களா?... மல்லாந்து கிடந்துச்சா? எவ்வளவு நேரமா?... வயிறு ஊதியிருக்கா?... ஐயோ, இன்னிக்குச் சுத்திப்பார்க்க வந்த அந்த நியூகாசில்காரங்க கேட்டைத் திறந்து போட்டுட்டாங்களா..."

கம்பளி கனத்த சினை ஆடு மல்லாந்துவிட்டால் தானாக எழாது. வயிற்றில் காற்று ஏறிச் செத்துப்போகும். தூக்கி நிறுத்தினாலும் மரத்த கால்கள் தாங்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் குன்றுகளில், தூக்கி நிறுத்தும் முன் அது யாருடைய ஆடு என்று யாரும் பார்ப்பதில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?... ஆமா... ஆமா, நான்தான் விடல. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்... சரி. கேளு, ஹெட்லி. முட்டி ரெண்டுக்கும் நடுவுல அணைச்சுக்கோ... தெரியும், உனக்குத் தெரியும், நீயும் ஆட்டுக்காரன்தான். பதட்டத்துல சொல்றேன்... நிக்குதா? முன்னங்கால்?... பின்னங்கால் இன்னும் இல்லையா."

"ஒண்ணு கேக்கறேன். தெற்கு ஜன்னல்ல கம்பி போயி நாளாச்சு. பள்ளிக்கூடம் போற வயசுல நீ அதுல பூந்து பூந்து வருவ. வெளிய வந்திருக்கலாமே... ம்... விட்டா மறுபடி விழுந்துடும். ஆமா."

"காதுல நீலக் குறி இருக்கே, பாத்தல்ல? என்னோடதுன்னு தெரிஞ்சும் தான..."

அவன் ஏதோ சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை. எஸ்தர் சமையலறைச் சுவரில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்தாள். ஆட்டின் கத்தல் இரண்டு முறை கேட்டது.

"...ஆமா. நம்ம சண்டைக்கு வாயில்லா ஜீவன் என்ன பண்ணும். அது ஒண்ணும் பண்ணலதான்."

"இல்ல, இருக்கேன். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... ஹெட்லி, உன் நாயைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இல்ல, இப்படி இல்ல. அங்க வந்து, உன் முகத்தைப் பார்த்துச் சொல்றேன்... ஆமா, கிளம்பிட்டேன். அஞ்சு நிமிஷம் தாங்கு... ஒரு கையால எப்படித் தாங்கும்? இன்னொரு கையில என்ன... அட, அதைத்தான் சொல்றேன். எனக்குப் பதில் சொன்னது போதும்பா. ரெண்டு கையாலயும் அதைப் புடி. போனை வை."