அடியில் கிடக்கும் பெட்டி

பேகம்பேட் நெரிசலில் பஸ் நின்றபோது, முன்சீட்டுப் பெண் தமிழில் வெடித்தாள்.

"கடலே இல்லாத ஊர்ல உக்காந்து துறைமுகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதுனா இப்படித்தான் சார் ஆகும்!"

பக்கத்தில் இருந்தவர் அவளுடைய டீம் லீடர் போலும். "மெதுவா பேசுமா" என்றார்.

"எந்த லாரி முதல்ல பதிஞ்சுச்சோ, அதோட கண்டெய்னரத்தான் முதல்ல எடுக்கணும்னு எழுதி வச்சிருக்கோம். அந்தப் பெட்டி அஞ்சு அடுக்குல அடியில கெடந்தா? மேல உள்ள நாலையும் கிரேன் எறக்கணும், மறுபடி ஏத்தணும். எம்புட்டு டீசல், எம்புட்டு புகை! போன மாசமே மெயில் போட்டேன்லா?"

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்னு சொன்னேனே. டெமோ பாத்துட்டு கிளையன்ட் கைதட்டுனாங்கல்ல?"

"டெமோல பத்துப் பெட்டியையும் தரையில வரிசையா வச்சுல்ல காமிச்சோம்! ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவே இல்லையே!"

"சரி, அங்கேருந்து யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்களா?"

அவள் செல்போனில் ஒரு நம்பரை அழுத்தி அவரிடம் நீட்டினாள்.

"எங்க அண்ணன். காலையிலேருந்து துறைமுக கேட்டுல லாரியோட நிக்கான். அவன் ஏத்த வேண்டிய பெட்டி மேலதான் இருக்காம், கண்ணுக்குத் தெரியுதாம். ஆனா அவனுக்கு முன்னால பதிஞ்ச லாரியோட பெட்டி அடியில கெடக்காம். அடுத்த வெர்ஷன் எப்பன்னு அவன்ட்ட நீங்களே சொல்லுங்க."