இலைக்குள் ஒரு தறி

டீ ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் கதை கேட்கிற மனிதர்கள் குறைந்துவிட்டார்கள், இன்ஸ்பெக்டர். தாமல் கிராமத்து ஜியாவுதீன் அப்படிப்பட்டவர். ஏரிப் பாசனத்தில் குத்தகைக்கு வெண்டை போட்டிருந்தார். போன வருடம், நரம்பெல்லாம் மஞ்சளாகிப்போன இலை ஒன்றோடு பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற எனக்கு, அதன்பின் கிடைத்த ஒரே மாணவர்.

சொன்னேன். வெள்ளை ஈ கொண்டுவந்து இறக்குவது வைரஸின் டி.என்.ஏ. வளையம், ஒற்றை இழை. நகலெடுக்கத் தனக்கென்று ஒரு கருவியும் கிடையாது. என்னைப்போல் ஓய்வுபெற்றுவிட்ட இலைச் செல்லைத் தட்டியெழுப்பி வேலைக்கு உட்காரவைக்கும். செடியே அதற்கு ஜோடி இழை சேர்த்துக் கொடுக்கும். பிறகு ஓரிடத்தில் ஒரு வெட்டு. நூல்கண்டிலிருந்து ஜரிகை உருவுகிற மாதிரி பழைய இழை உருவ உருவ, அந்த இடத்தில் புதியது ஏறும். உருவிய இழை மறுபடி வளையமாகும். சாயங்காலத்துக்குள் நகல்கள் காஞ்சிபுரத்து ஜனத்தொகையை மிஞ்சிவிடும் என்றேன். ஏகாம்பரநாதர் கோபுர உயரத்துக்கு அடுக்கலாம் என்றும் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"நம்ம வூட்டுத் தறியில குந்திக்கினு, நம்ம நூலுலயே அவன் பொடவ நெய்றானா சார்?" என்றார். இரண்டு நாள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நான் சொன்னபடியே களை பிடுங்கி, வயலைச் சுற்றி ஈக்குத் தடுப்பாக மக்காச்சோளம் விதைத்தார். வெண்டை பச்சைப்பசேலென்று நின்றது. என் வீட்டு நாற்காலி காலியானது. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தாமலே, "காய் சூப்பரா இருக்குது சார். இந்த வாட்டியும் போயிருந்தா நெலத்துக்காரு குத்தகைய புடுங்கிக்கினு பூட்டிருப்பாரு," என்று கையாட்டிவிட்டுப் போனார்.

நோய் பிடித்த செடி ஒன்றை மாடியில் வலை கட்டி வளர்த்தேன். வெள்ளை ஈக்கள் அதில் நன்றாகச் சாப்பிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது, தாமலுக்குப் போய், அந்த ஈக்களை அடைத்துக் கொண்டுபோன டப்பாவின் மூடியை அவர் வயலில் திறந்தேன்.

மறுபடி வந்தார், மஞ்சள் இலையோடு. அந்தச் சாயங்காலங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன தெரியுமா. என்ன, அவரிடம் பேச்சுதான் குறைந்திருந்தது. "நெலத்த திருப்பிக் கேட்டுட்டாரு சார். மருந்து அடிச்சா நிக்குமா?" இலைக்குள் போனதை எந்த மருந்தும் எடுக்காது என்று உண்மையைத்தான் சொன்னேன். அடித்தது போக மிச்சமிருந்த மருந்தை அவர் குடித்துவிட்டதாக, மறுநாள் அவர் மனைவி ஷஹர்பானு ஆள் அனுப்பிச் சொன்னார்.

ஈயை விட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவரிடம் சொல்லாமலேயே இருந்துவிட்டேன், அது ஒன்றுதான் வருத்தம். சொல்லியிருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.