நாலாவது தோள்

— தோளு விண்ணு விண்ணுன்னு தெறிக்கி தாயி. நேத்துப் பூரா பஞ்சுப் பொதி இறக்குனது. கொஞ்சம் உக்காருவமா?

— உக்காருங்க அண்ணாச்சி. சங்கரன்கோயில்ல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டேல்லா வந்திய.

— இதுக்கா ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்த? கோட்டைன்ன. நாலு வேலிக்கருவையும் ஒரு போர்டுந்தான் நிக்கி.

— எங்க வீட்டுக்காரரு இருந்தமட்டும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு. ‘அன்னக்கிளி, சண்டை நடந்த வாசுதேவநல்லூர் கோட்டையக் காட்டுதேன்’னு. இந்தா அந்தான்னே காலம் போச்சு.

— குருநாதன் எங்க வந்திருப்பான்? லீவுன்னா குப்புறப் படுப்பான். அவங்கூட ஜோடியா மூட்டை தூக்குன எனக்குத் தெரியாதா?

— அதான் உங்களைக் கூப்பிட்டேன். பஸ்ஸுல அந்த மளிகைக்கடைக்காரன் சம்சாரம் நம்மளைப் பாத்தத பாத்தியளா?

— பாத்தேன், பாத்தேன். ‘மூக்காண்டிக்கு இந்த வயசுல சோக்கப் பாரு’ம்பா. நாளைக்கு மார்க்கெட்டு பூரா இதான் பேச்சு.

— பேசிட்டுப் போறாவ. எங்கிட்டப் பேச வீட்டுச் சுவரு மட்டுந்தான் இருக்கு. போர்டுல என்ன போட்டிருக்கு, படிங்க.

— வெள்ளைக்காரன் பீரங்கி வச்சு அடிச்சானாம். மண் சுவத்துல ஓட்டை விழ விழ, உள்ள இருந்தவன் வைக்கோலும் பனந்தடியும் வச்சு அடைச்சானாம். ஏயப்பா! குண்டு வந்து விழுது, அதுக்குள்ள பனந்தடி தூக்கியிருக்கான் பாரு. நம்ம லோடுமேன்தான் அவன்!

— அவன் பேரு போட்டிருக்கா?

— லோடுமேன் பேரை எவன் போடுவான்?

— செத்தவனை யாரு தூக்குனா?

— தூக்குனவனும் செத்திருப்பான். பொறவு நாயும் நரியுந்தான்.

— எனக்கும் அதே நெனப்புதான் அண்ணாச்சி. புள்ள குட்டி இல்ல. நான் செத்துக் கெடந்தா வாடை வந்துதான் கதவ உடைப்பான்.

— ஏ, நல்ல நாளும் அதுவுமா! எந்திரி, வடை வாங்கித் தாரேன்.

— வடை இருக்கட்டும். அவரு செத்தன்னைக்கு நீங்க எங்க இருந்திய?

— உனக்குத் தெரியாதா? கொரோனாவுல எல்லைய அடைச்சிட்டான், புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் லாரியோட மாட்டிக்கிட்டேன். ஜோடிக்காரன் பாடைக்கு முன்தோளு குடுக்கணும்ங்கது லோடுமேன் வழக்கம். எனக்கு அதுக்குக் கூட குடுத்து வைக்கல.

— தூக்க மூணு பேருதான் வந்தாவ. தெருவே கதவச் சாத்திக்கிட்டு.

— பொறவு நாலாவது தோளு யாரு குடுத்தா? எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே!

— நாந்தான். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னான் ஒருத்தன். ‘அப்பம் நீயே ரெண்டு பக்கமும் பிடிலே’ன்னேன். குனிஞ்சு அவன் பக்கத்தப் பிடிச்சான்.

— தாயி... முன்னாலயா நின்ன?

— முன்னாலதான். உங்க இடத்துல.

— யம்மா...

— எதுக்கு அழுதிய? அழ வைக்கவா பஸ் ஏத்திக் கூட்டியாந்தேன்? அந்தத் தோளுக்குத் தைலம் தேச்சுப் பத்திரமா வச்சிருங்க. உங்களுக்காக நான் ஒரு தோளு குடுத்திருக்கேன். நான் போறன்னைக்கு அந்தக் கடனைத் தீத்துரணும் அண்ணாச்சி.