பண்ணையாரிடம் நான் சொன்ன பொய்

காலை ஐந்து ஐம்பது. குண்டு விழுகிறது. பதுங்குகுழியின் கூரை மண்ணைக் கொட்டுகிறது. வாயெல்லாம் மண். வயர்லெஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். கீழ்ப் பதுங்குகுழிக்கு நாற்பது அடி. எனக்கு முன்னால் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு முத்துராஜ் ஓடுகிறான். தலைக்கு மேலே ஒரு விசில். விசில் நீளமாக இருந்தால் குண்டு தள்ளிப் போகும். இது குட்டை.

"ஏலே, படுலே!"

கத்தியது அவன். படுத்தது நான். அவன் படுக்கவில்லை. பேட்டரி உடைந்துவிடக் கூடாதென்று குனிந்து அதைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் விழுந்துவிட்டது.

ஐந்து ஐம்பத்திரண்டு. முத்துராஜ் போய்விட்டான்.

இது காஷ்மீர் எல்லைக் கோட்டில், மலைமேல் இருந்த ஒரு காவல் நிலையில் நடந்தது. இருபத்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பீரங்கிப் படையில் வயர்லெஸ் ஆபரேட்டர். முத்துராஜுக்கும் அதே வேலை. நான் சிவகாசி பக்கத்துத் தாயில்பட்டி. அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவள். அவன் மல்லாங்கிணறு. அவன் அப்பாவுக்குப் பதினொரு ஏக்கர் மானாவாரி. ஊரிலேயே இருந்திருந்தால் அவன் வீட்டு நடுக்கூடத்தில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். பட்டாளத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்த நிலையில் முப்பது பேர் இருந்தோம். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

முந்தின நாள் மாலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எதிர் மலையில் பாகிஸ்தான் நிலை. எண்ணூறு மீட்டர் தூரம். அதற்கு அதிகாரி ஒரு மேஜர். தினமும் காலை ஏழு மணிக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்சுவர் ஓரமாக நடப்பார். தலையும் தோளும் தெரியும். பைனாகுலரில் பார்த்துவிட்டு முத்துராஜ் சொன்னான், "எங்கய்யா மொளகாச் செடிக்குத் தண்ணி பாயுதான்னு பாக்கப் போற மாதிரியே போறாருலே." அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பண்ணையார். இந்தப் பண்ணையார்தான் பின்னாளில் அவர்கள் ராணுவத்தில் ஜெனரல் ஆனார். பெயரை எழுத மாட்டேன். படித்தால் அவருக்கே தெரியும்.

அந்த மாலைக்கு நான்கு நாள் முன்னால் எங்கள் சமையல்காரர் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றைத் தோட்டா. ஆள் அங்கேயே சரிந்தார். அதன்பிறகு பண்ணையார் நடக்க வரவில்லை. எங்கள் நிலையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் மறுபடி சுட்டால்தான் சுடலாம் என்று மேலிடத்து உத்தரவு. எல்லோருக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

மாலை ஆறு இருபது. சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. எதிர் மலைக்கு மேலே வெட்டிப் போட்ட நகம் போலப் பிறை. பார்த்தேன். நோன்பு முடிந்தது, நாளைக்கு அவர்களுக்குப் பெருநாள் என்று நினைத்தேன். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஆறு இருபத்தாறு. எதிர் நிலையிலிருந்து படபடவென்று சத்தம். எல்லோரும் தரையில் கிடக்கிறோம். எங்கள் கேப்டன் என் பக்கம் திரும்பி இந்தியில் கத்துகிறார். அங்கே எனக்குப் பெயரே சிவகாசிதான்.

"சிவகாசி! பட்டாசா, துப்பாக்கியா?"

எனக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. எல்.எம்.ஜி. என்கிற இயந்திரத் துப்பாக்கி விட்டு விட்டுச் சுடும். ஐந்து தோட்டா, மூச்சு, மறுபடி ஐந்து. சரவெடிக்கு மூச்சு கிடையாது. ஒரே ஓட்டமாக ஓடி, கடைசியில் கட்டிய நாலைந்து பெரிய வெடியில் முடியும். இது அப்படியே முடிந்தது. ஒரு தோட்டாகூட எங்கள் தலைக்கு மேல் சீறிப் போகவில்லை. ஒரு கல்கூடத் தெறிக்கவில்லை.

முத்துராஜ் என் காதருகே சொன்னான், "ஏலே, சரவெடிலே அது. சொல்லு."

முப்பது பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். துப்பாக்கி என்று சொல்ல மாட்டானா என்று பார்க்கிறார்கள். சமையல்காரரின் செருப்பு இன்னும் சுனைப் பக்கம் கிடக்கிறது.

"எல்.எம்.ஜி., சாப்" என்றேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பயத்தில் உளறவும் இல்லை. தெரிந்தே சொன்னேன். ஆறு இருபத்தெட்டுக்கு எங்கள் முதல் மோர்ட்டார் குண்டு கிளம்பியது. அதற்கான உத்தரவை வயர்லெஸில் அனுப்பியதும் நான்தான். பதினெட்டுக் குண்டு. முத்துராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பேட்டரியை மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலை அவர்கள் திருப்பி அடித்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு. அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

சண்டை மூன்று நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் இரண்டு நிலைக்கும் நடுவில் வெள்ளைக் கொடியோடு சந்திப்பு. வயர்லெஸ் பெட்டியோடு நானும் போனேன். கேப்டனுக்குப் பின்னால் ஆறடியில் நிற்கிறேன். பண்ணையாரைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவர் சொன்னது இதுதான். அவர்கள் மலைக்குக் கீழே, அந்தப் பக்கம் ஒரு கிராமம். பள்ளத்தில் இருப்பதால் பிறை தெரியாது. மேலே நிலையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பிறை கண்டதும் ஒரு சரவெடி கொளுத்துவார்கள். அதைக் கேட்டுப் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவருவார்கள். வருடா வருடம் அப்படித்தான். அந்த வருடம் பிள்ளைகள் மாடிக்கு வந்த நேரத்தில், நிலையைத் தாண்டிப் போன எங்கள் குண்டு அங்கே விழுந்தது.

கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. வெடிச் சத்தத்தின் மறைவில் உங்கள் ஆள் சுட்டான், என்னிடம் சிவகாசிக்காரன் இருக்கிறான், இந்தியாவுக்கே பட்டாசு செய்கிற ஊர், அவனுக்குத் தப்பாது என்றார்.

பண்ணையார் என்னைப் பார்த்து நேராகவே கேட்டார். பட்டாசா, தோட்டாவா?

அங்கே சொல்லியிருக்கலாம். முத்துராஜ் செத்துப் பதினோரு நாள். சொன்னால் அவனைக் கொன்றது நான் என்றாகிவிடும்.

"தோட்டா, சாப்" என்றேன்.

அதன்பிறகு அவர் பெயர் எங்கே வந்தாலும் தேடிப் படித்தேன். கர்னல் ஆனார். பிரிகேடியர் ஆனார். ஐ.நா. படையோடு ஆப்பிரிக்கா போய் வந்தார். நான் பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்து பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்த வருடம் அவர் மேஜர் ஜெனரல். மகளுக்குக் காது குத்திய வருடம் லெப்டினன்ட் ஜெனரல். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் எனக்கு நிம்மதி. என் பொய் அந்த மனுஷனை ஒன்றும் செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்றார். கொய்யாத் தோட்டம் போட்டிருக்கிறார் என்று படித்தேன். நிஜமாகவே பண்ணையார் ஆகிவிட்டாரே என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

போன மாதம், ஒரு சனிக்கிழமை. எங்கள் கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்து ஐந்து மணிக்கு வேனில் ஏறித்தான் பார்ப்பேன். ஒரு பேட்டி. பண்ணையார். முடி முழுக்க வெள்ளை. பள்ளிக்கூட வாத்தியார் மகனாகப் பிறந்தது, பட்டாளத்தில் சேர்ந்தது, எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை வருடப் பணியில் வருந்துவது உண்டா என்று கேட்டார்கள்.  பிறை கண்ட அந்த மாலையைச் சொன்னார்.

அவருடைய நிலையில் எல்.எம்.ஜி. வைத்திருந்தவன் நாயக் பதவியில் இருந்த ஒருவன். சந்திப்பு முடிந்து திரும்பியதும் அவனை விசாரித்திருக்கிறார். நான் சுடவில்லை என்று வேதத்தின் மேல் சத்தியம் செய்தான். அன்றைய தோட்டாக் கணக்கைக் காட்டினான். எதுவும் குறையவில்லை. கணக்கைத் திருத்திவிட்டாய் என்றேன், என்கிறார். பிள்ளைகள் சாவுக்கு அவனைக் காரணமாக்கிப் படையை விட்டு அனுப்பினார். பென்சன் இல்லை. போன வருடம் அவன் இறந்துவிட்டான். மகள் பள்ளி ஆசிரியை. ஜெனரலின் வீடு தேடி வந்து, என் அப்பா சுடவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றாளாம். அவரால் எழுத முடியவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "சிவகாசிக்காரன் ஒருவன் என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவனை நம்பினேன். என் ஆளை நம்பவில்லை. அந்தப் பக்கம் யாராவது உயிரோடு இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்."

அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். அவர் தப்பாக நினைவு வைத்திருக்கிறார்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன், எழுதப்போகிறேன் என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், இதுவரை சொன்னதில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"எளுதாதீக. பென்சனு போயிரும். ஊரு என்ன சொல்லும்?"

மறுபடி அரிசியில் கையை விட்டபடி அவளே கேட்டாள்.

"அந்த டீச்சருக்கு என்ன வயசு இருக்கும்?"

மறுநாள் மல்லாங்கிணறு போனேன். வருடா வருடம் முத்துராஜ் திதிக்குப் போவேன். அவன் அப்பா நடுக்கூடத்தில் இலை போட்டு எனக்குத்தான் முதலில் பரிமாறச் சொல்வார். மகனோடு கடைசியாக இருந்தவன் என்று மரியாதை. எண்பத்தொரு வயது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"எம்மவன் என்ன சொன்னான்?"

"சரவெடின்னு சொன்னான், ஐயா."

"அப்ப அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல்வரை வந்தார்.

"இனிமே திதிக்கு வராத. நீ நல்லாரு. ஆனா இங்கன வராத."

சிவகாசியில் டைரி அச்சடிக்கிற ஒரு அச்சகத்தில் உருது புரூப் பார்ப்பவர் இருக்கிறார். இதை உருதுவில் ஆக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயர், படை எண், கையெழுத்து மூன்றும் தனித்தாளில் இருக்கின்றன. ஜெனரல் ஐயா, அந்த ஆசிரியைக்கு நீங்கள் எழுத வேண்டிய ஒரு வரிக்கு இது போதும். போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

கணக்கு இது. சமையல்காரர் இதில் வரமாட்டார், அவரைக் கொன்றது அவர்கள். மற்றதெல்லாம் என்னுடையது.

எங்கள் பக்கம் முத்துராஜ், வயது இருபத்தைந்து. ஒரு ஹவில்தார், இரண்டாம் நாள். ஒரு சிப்பாயின் வலது கால்.

அவர்கள் பக்கம் சிப்பாய்கள் மூன்று பேர். பெயர் தெரியாது.

கீழே கிராமத்தில், மாடிக்கு ஓடிவந்த பிள்ளைகள் நான்கு பேர். அவர்களைக் கூப்பிட ஏறிய ஒரு தாய். அந்தப் பிள்ளைகளில் இரண்டு அவளுடையவை. ஒரு வீடு. ஒரு எருமை.

ஒரு நாயக்கின் வேலை, பென்சன், அவன் செய்த சத்தியம். இருபத்திரண்டு வருடம்.

மல்லாங்கிணற்றில் ஒரு இலை.

அந்த மாலை, எங்கள் முதல் குண்டுக்கு முன்னால், எதிர் நிலையிலிருந்து சுடப்பட்ட தோட்டா: ஒன்றுகூட இல்லை.