வாய்க்கால்காரர் தர்ஸ்டனைத் தூக்கிலிட்டது யார் என்பது பற்றி

பெயர்: ஹாவிஸ். கணவர்: காலஞ்சென்ற தர்ஸ்டன். வயது: சுமார் நாற்பத்து நான்கு. தொழில்: பார்லி பீர் காய்ச்சி விற்பது. இருப்பிடம்: இங்கிலாந்து, ஆல்டர்ஃபோர்டு, ஆற்றின் தென்கரை.

சிறையிலிருக்கும் அரசர் மீதான குற்றச்சாட்டுகளுக்குச் சாட்சி திரட்ட வந்த சர் பால்ட்வின் முன்னிலையில், எழுத்தர் ஓடோ எழுத, ஜனவரியில் வரும் மூவரசர் திருநாளுக்கு மறுநாள் காலை ஊர்த் தேவாலயத்தில் சொன்னதாவது:

நான் மேற்படி ஊரில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் வேலி கட்டுவார், வாய்க்கால் வெட்டுவார். நான்கு வருடங்களுக்கு முன், புல் அறுப்பு முடிந்த வாரத்தில், அரசர் எங்கள் ஊர்க் காட்டுக்கு வேட்டையாட வந்தார். ஆனால் வேட்டைக்குப் போகாமல், என் கணவர் வேலை செய்த இடத்துக்கு வந்து, மேலங்கியைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு, மண்வெட்டியை வாங்கி இரண்டு நாள் வெட்டினார். கூட வந்த பிரபுக்கள் குதிரைமேல் இருந்தபடியே வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் ரொட்டியும் வெங்காயமும் கொண்டுபோனபோது அரசர், "சரியா வெட்டியிருக்கேனா?" என்று கேட்டார். என் கணவர், "தப்பா நினைக்காதீங்க ராஜா, கரை செங்குத்தா நிக்குது. மொத மழைக்கே சரிஞ்சிரும்" என்றார். அரசர் கோபிக்கவில்லை. எங்கள் ரொட்டியைத் தின்றார்.

அதன் பிறகு, தென்கரைப் புல்வெளியில் தண்ணீர் தேங்கி ஆடுகளின் குளம்பு அழுகுவதைப் பார்த்து, அதை வடிக்க வாய்க்கால் வெட்டும்படி உத்தரவிட்டார். அந்தத் தண்ணீர்தான் எங்கள் வட்டாரத்துக் கார்ஸ்டன் பிரபுவின் மாவு ஆலைக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது; வடித்தால் ஆலைக்குத் தண்ணீர் குறையும். என் கணவர் இதை எடுத்துச் சொன்னதற்கு, "நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் அரசர். மறுநாள் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு என் கணவர் வாய்க்காலை வெட்டி முடித்தார். நான்காம் நாள் பிரபுவின் காரியஸ்தன் ஃபுல்க், சட்டையில் பிரபுவின் பச்சைக் கொக்கு முத்திரை போட்ட எட்டுப் பேருடன் வந்தான்.

"யாரைக் கேட்டுடா வெட்டின?"

"ராஜா சொன்னாருங்க."

"எந்த ராஜா? இங்க ராஜா எங்க பிரபுதான்."

விசாரணை எதுவும் இல்லை. ஆலையில் மூட்டை தூக்கும் உத்தரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று நாள் உடலைக் கீழே இறக்க விடவில்லை. இறக்கியபோது அவர் தலைமயிரிலும் சட்டையிலும் மாவு படிந்திருந்தது. அந்த மூன்று நாளும் ஆலை ஓடியது.

அதன் பிறகு நான் பதினொரு நாள் நடந்து அரசரிடம் முறையிட்டேன். அவர் கண் கலங்கி, எனக்கு நியாயம் வழங்கும்படி முத்திரையிட்ட கடிதம் ஒன்று கொடுத்தார். ஃபுல்க் அதைப் பார்த்துவிட்டு, "பத்திரமா வச்சுக்க, மழை வந்தா தலையில போட்டுக்கலாம்" என்று திருப்பித் தந்தான். மீண்டும் நடந்துபோனேன். அரசரும் கார்ஸ்டன் பிரபுவும் சமாதானமாகி ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி, வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு, சென்ற நவம்பரில் மார்ட்டின் திருநாள் கழிந்து, பிரபுக்களின் படை அரசரைப் பிடித்து எங்கள் ஊர் வழியாகக் கொண்டுபோனது. நல்ல மழை. ஜனங்கள் சேற்றை வாரி எறிந்தார்கள். என் கையிலும் சேறு இருந்தது. குதிரை அருகே போய், "தர்ஸ்டனை ஞாபகம் இருக்குங்களா?" என்றேன்.

"யாரும்மா?"

"உங்களுக்காக வாய்க்கால் வெட்டினவர்."

"எத்தனையோ வாய்க்கால்மா" என்றார்.

நான் சேற்றை எறியவும் இல்லை, அவரை மன்னிக்கவும் இல்லை.

இன்று எழுத்தர் ஓடோ முன்பே எழுதி வைத்திருந்த தாளை வாசித்தார். அதில், "தர்ஸ்டன் என்னும் ஏழையை அரசர் விசாரணையின்றித் தூக்கிலிடச் செய்தார்" என்றிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். சர் பால்ட்வின், "உன் புருஷன் செத்தானா இல்லையா?" என்றார்.

"செத்தாருங்க."

"இந்த ராஜா காலத்துலதானே?"

"இந்த ராஜா காலத்துலதான் மழையும் பெஞ்சுதுங்க எசமான்."

"அவருக்காகவா பரிஞ்சு பேசற? உனக்கு என்ன செஞ்சார் அவர்?"

"ஒண்ணும் செய்யலைங்க. அந்தக் குத்தத்தை எழுதுங்க, கைக்குறி போடறேன். ஆனா தூக்குல போட்டது உங்க சட்டையில இருக்குற கொக்கு. அந்தப் பிரபுதான் இப்ப ராஜாவுக்கு நியாயம் சொல்ல உக்காந்திருக்கார்."

சர் பால்ட்வின், "ஆலை இன்னும் அங்கதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார். அதையும் எழுதச் சொன்னேன். ஓடோ எழுதுகோலைக் கீழே வைத்தார். எங்கள் பாதிரியார் வைமண்ட், பலிபீடத்தின் முன் சத்தியம் செய்து சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்றார். அதன் பிறகு மேற்படி வரி அடிக்கப்பட்டு, இவ்வளவும் எழுதப்பட்டது.

அரசரைப் பதவியிலிருந்து இறக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கணவரின் சாவைக் காட்டி இறக்கச் சம்மதம் இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாதிரியார் வாசிக்கக் கேட்டேன். இதிலுள்ளது என் வாயால் வந்ததுதான். அடிக்கப்பட்ட வரி மட்டும் என்னுடையதல்ல. அதன்மேல் ஒரு சிலுவையும் இதன் கீழே ஒரு சிலுவையும் இட்டிருக்கிறேன்.

✝ ஹாவிஸ், கைக்குறி
சாட்சி: வைமண்ட், பாதிரியார்
எழுதியவர்: ஓடோ
விசாரணை அதிகாரி: கையொப்பமிடாமல் எழுந்து போனார்.