கூட்டம் மொட்டை மாடியில்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகும் பஸ். எனக்கு முன்னால் ஒரு நாலாவது மாடிக்காரரும் அவருடைய அடுக்குமாடிச் சங்கச் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மூணு வாரமா லிஃப்ட் ஓடலை சார். முட்டி ஆபரேஷன் ஆன என் வைஃப் வீட்டுக்குள்ளயே கிடக்கிறா. மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுங்களேன்!”

“யாரைக் கேட்டு கான்ட்ராக்ட் போடறீங்கன்னு குதிச்சது நீங்கதானே? முதல்ல அதுக்கு விதிமுறை எழுதி, அது சங்கக் கூட்டத்துல பாஸாகணும்னீங்க.”

“எழுதிக் கொடுத்துட்டேனே! பாஸ் பண்ணுங்க.”

“பாதிப் பேராவது வரணுமே. ரெண்டு தடவை கூட்டம் போட்டும் யாரும் வரலை.”

“ஏன்?”

“கூட்டம் மொட்டை மாடியில. லிஃப்ட் இல்லாம யார் சார் ஏறுவா?”

“கீழ பார்க்கிங்ல வைங்களேன்!”

“யாரைக் கேட்டு இடத்தை மாத்தினீங்கன்னு அதுக்கும் குதிப்பீங்க.”

“குதிக்க மாட்டேன்னு எழுதியே தரேன் சார். பேனா இருக்கா?”